பிசின் வடியும் பைன் மரங்கள்

"டாக்டர், எங்க பைன் மரத்துக்கு யாரோ விஷ ஊசி போடுறாங்க. இன்னைக்கு மரம், நாளைக்குக் கிணறு. வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு!"

மர நோய் பார்க்கும் டாக்டரம்மாவின் அறைக்குள் நுழையும்போதே படபடத்தார் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர். சந்தேகம் கொழுந்தன்மேல். அவருக்கு உரக்கடை, பக்கத்து வீடு, கிணறோ இருவருக்கும் பொது. "மரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத சோம்பேறி. அவர் மரம் மட்டும் எப்படிப் பச்சைப்பசேல்னு இருக்கு?"

"கேஸ் முடிஞ்சது!" என்றார் டாக்டரம்மாவின் கணவர். ஜீப் ஓட்டுவதோடு துப்பறிவதும் தன் வேலை என்பது அவருடைய நினைப்பு.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கீழ்க்கிளைகளின் குருத்துகள் பழுப்பாகக் கருகித் தொங்கின. வெட்டிய இடங்களில் பட்டை குழிந்து பிசின் வடிந்தது. வேலிக்கு அப்பால் கொழுந்தன் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார்.

"கைக்கு எட்டுற உயரம் வரைக்கும்தான் கருகியிருக்கு. ஆள் வேலைதான்" என்றார் கணவர்.

"ஆமா, ஆள் வேலைதான்" என்றார் டாக்டரம்மா நிதானமாக. நர்ஸின் முகம் வெளுத்தது.

டாக்டரம்மா மரத்தடியில் வெட்டிப் போட்ட கிளைக் குவியலிலிருந்து ஒரு பழைய பைன் காயை எடுத்தார். செதிலெல்லாம் மிளகுப்பொடி தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். "விஷம் இல்லம்மா, பூஞ்சை. மழைத்தண்ணி தெறிச்சுக் கீழ்க்கிளைக்கு ஏறுது. வெட்டுக்காயம் கிடைச்சா உள்ளே போயிடுது. கிளையை யார் வெட்டுறது?"

"நான்தான். மழை விட்டதும் வெட்டுவேன். உரமாகட்டும்னு அங்கேயே போட்டுடுவேன்."

"ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியை ஸ்பிரிட்ல துடைப்பீங்களா?"

"இல்லையே."

"ஒரே ஊசியை ரெண்டு பேருக்குப் போடுவீங்களா?"

"ஐயோ, செத்தாலும்..." நர்ஸ் பாதியில் நிறுத்தினார். "அப்போ, நோயைப் பரப்பினது நானா?"

"அவர் வெட்டாததாலதான் அவர் மரம் பிழைச்சுது. சரி, அந்தக் கத்தரி எங்கே?"

கத்தரியை மாட்டும் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. நர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. வேலியருகே ஓடினார். "தம்பி, குழந்தையைத் தொடாதீங்கன்னு உங்களைப் போய்ச் சொல்லிட்டேனே! மன்னிச்சிடுங்க."

கொழுந்தன் பின்னாலிருந்த கையை முன்னால் நீட்டினார். கையில் பிசின் படிந்த கத்தரி.

"மரத்தைக் கவனிக்கலைன்னு எப்பவும் திட்டுவீங்களே அண்ணி. அதையாவது செஞ்சா பழையபடி பேசுவீங்கன்னு, விடிஞ்சதும் இதை எடுத்துட்டுப் போய் என் மரம் எல்லாத்துலயும் கிளையை வெட்டிட்டேன்."

டாக்டரம்மா வானத்தைப் பார்த்தார். மறுபடியும் தூறல் விழத் தொடங்கியிருந்தது.