கேவன் திரும்பி வந்த மதியம்

சொந்த வீட்டுக் கதவைக் கேவன் ஒருநாளும் தட்டியதில்லை. தோளால் இடித்துத் திறந்துகொண்டு வருவதுதான் அவன் வழக்கம். அன்று மதியம் மூன்று முறை தட்டிவிட்டு, மனைவி மார்ஜரி வந்து திறக்கும்வரை பனியில் நின்றான். திறந்த பிறகும், "உள்ள வரலாமா?" என்று கேட்டான்.

"இதென்ன கேள்வி? உங்க வீடுதானே," என்றாள். சொல்லிவிட்டுக் கதவை அகலத் திறந்தாள்.

இரண்டு பிரபுக்கள், பழைய கத்தோலிக்கப் பூசையை மீட்கப்போவதாகச் சொல்லி அரசிக்கு எதிராகக் கொடி தூக்கியபோது, டர்ஹம் பக்கத்துக் குடியானவர்களோடு கேவனும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். பிரபுக்கள் ஸ்காட்லாந்துக்கு ஓடிவிட்டார்கள். பின்னால் போனவர்களை அரசியின் ஆட்கள் ஊர் ஊராகத் தூக்கிலிட்டார்கள். கேவனும் பிடிபட்டிருந்தான். ஐந்து நாளாகப் பனி வழியை அடைத்திருந்ததால், ஊருக்கு வெளியே தனித்திருந்த அந்த வீட்டுக்கு ஒரு சேதியும் வரவில்லை.

"எப்படி விட்டாங்க?"

"விட்டுட்டாங்க."

"சும்மாவா?"

அவன் அடுப்பருகே போய் உட்கார்ந்தான். அவள் வைத்த ஓட்ஸ் கஞ்சி ஆறி ஏடு படிந்தது, அவன் தொடவில்லை. அடுப்புப் புகைக்கும் ஈரக் கம்பளி நாற்றத்துக்கும் நடுவே, நனைந்த சணல் கயிற்றின் வாடை மெல்ல மெல்ல எழுந்து வீட்டை நிறைத்தது.

"மச்சான் எங்க, மார்ஜி?"

அவள் தம்பி கத்பர்ட், கொடி பிடித்து முன்னால் நடந்தவன். கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் ஒளிந்து கிடந்தான்.

"எனக்கென்ன தெரியும்?"

"இங்கதான் இருக்கான்."

"அவனைக் காட்டிக் குடுக்கிறேன்னு சொல்லித்தான் உயிரோட வந்தீங்களா?"

கேவன் அவளையே பார்த்தான். "உயிரோடயா?" என்றான்.

தண்ணீர் எடுக்கப் போகிறவள்போல வாளியோடு வெளியே வந்தாள். கொட்டகைப் பலகையில் வாய் வைத்து, "யார் கூப்பிட்டாலும் வெளிய வராத. அவர் கூப்பிட்டாலும்," என்று சொல்லிவிட்டு, வழியை அடைத்த பனியைக் கிழித்துக்கொண்டு ஊருக்குள் ஓடினாள். தாமசின் என்ற மூத்த தோழியின் வீட்டில் தம்பியை ஒளிக்க இடம் கேட்க வேண்டும்.

தாமசின் கதவை ஒரு கை அளவுதான் திறந்தாள்.

"அக்கா, அவர் வந்துட்டாரு. யாரை வித்துட்டு வந்தாரோ, பயமா இருக்கு. தம்பியை இங்க அனுப்பட்டுமா?"

"யாரு? கேவனா?" தாமசின் முகம் வெளிறியது. "அடிப் பாவி, உனக்கு யாரும் சொல்லலையா? செவ்வாய்க்கிழமை தூக்குல போட்டுட்டாங்க. பிணத்தை இறக்கக் கூடாதுன்னு உத்தரவு. போய்ப் பாரு."

ஊர்ப் பொதுவெளி. எட்டுக் கயிறு. ஏழு பேர்.

மூன்றாவது ஆள் கேவன். தோளில் பனி. சட்டை முழங்கையில் அவள் போட்ட ஒட்டு. ஒரு கண்ணைக் காக்கை கொத்தியிருந்தது.

பின்னால் பனி நொறுங்கும் சத்தம்.

திரும்பினாள்.

கத்பர்ட் வந்துகொண்டிருந்தான். வெறுங்காலோடு. தலையெல்லாம் வைக்கோல். அவன் கையைப் பிடித்தபடி கேவன்.

"தம்பி! நில்லுடா!"

"பயப்படாதக்கா. மாமா கூட்டிட்டுப் போக வந்திருக்காரு."

கேவன் அவளைக் கடந்து போனான். காலியாகத் தொங்கிய எட்டாவது கயிற்றை எட்டிப் பிடித்து, ஆடாமல் நிறுத்தினான். மூன்றாவது கயிற்றில் தொங்கிய கேவன், காற்றே இல்லாமல், மெல்ல அவர்கள் பக்கம் திரும்பினான்.