வீட்டு நம்பர் தெரியாத பிள்ளை

நரசிம்மன் வீட்டுக் கால்மிதி அன்றும் மதிலில் தொங்கியது. லண்டன் ஹரோவில் நவம்பர் மாதத்தில் ஒரு கிழமை முழுக்க மழையில்லாமல் போவதென்பதே பெரிய விஷயம். நடைபாதையெங்கும் சருகுகள் காய்ந்து நொறுங்கிக் கிடந்தன. கால்மிதியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாம்மா?" என்றார். நரசிம்மன் சென்னைக்காரர், ஓய்வுபெற்ற இன்ஜினியர், எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்த பிறகுதான் நித்திரைக்குப் போகிற மனுசன். "பொழுது சாயற நேரத்துல யாரோ கதவத் தட்டுறாங்க. மெதுவா, மரியாதையா. போய்த் திறந்தா ஆளில்ல, மேட் மட்டும் சொதசொதன்னு கிடக்கு. மொதல்ல ஸ்டேஷன் பக்கத்து மூலை வீடு. அப்புறம் அந்த போலந்துக்காரங்க. இப்ப நான். வீடு வீடா வராங்க போல."

"பெடியளின்ரை விளையாட்டாய் இருக்கும்," என்றாள் இரண்டு வீடு தள்ளி இருக்கும் நகுலேஸ்வரி.

"ஆமா, இருக்கும். ஆனா எந்தப் பசங்க தண்ணில உப்பு கலந்து ஊத்துவாங்க?"

அவர் உள்ளே போன பிறகு அவள் கால்மிதியின் ஓரத்தைப் பிழிந்து மணந்து பார்த்தாள். டீசல் மணம், ஈரக் கயிற்று மணம், அவற்றுக்கு அடியில் பாசி மணம். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். என்ரை பிள்ளை வந்திட்டான்.

மகன் சுஜீத்துக்கு இந்த வீடு தெரியாது. தாயும் தகப்பனும் கைக்குழந்தைத் தங்கச்சியோடு கொழும்புக்கு பஸ் ஏறியபோது அவன் பள்ளிக்கூடத்துக் காற்சட்டையோடு பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீ போறாயோ அம்மா?" என்று கேட்டான். "போறன் எண்டு சொல்லக்கூடாது ராசா. போட்டு வாறன் எண்டுதான் சொல்லவேணும்," என்று அந்த நேரத்திலும் அவனைத் திருத்தினாள். போகிற வாய் வருவதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் போனது போனதுதான். "போட்டு வாறன், ராசா," என்றாள். அவள் போனாள். வரவில்லை.

மீசை அரும்பிய பிறகு அவனைக் கூப்பிட வழி கிடைத்தது. எகிப்துவரை வந்துவிட்டான். அங்கிருந்து போன் எடுத்து, "வாறன் அம்மா, வந்துகொண்டே இருக்கிறன்," என்றான். அதற்குப் பிறகு மத்தியதரைக் கடல்.

அந்தப் படகில் போய் உயிர் தப்பிய றமணன் பிற்பாடு லண்டனுக்கு வந்து சொன்னான்: "ஒரு சின்னத் தீவு பக்கத்திலதான் இருந்தது அன்ரி. வெளிச்ச வீட்டு விளக்கும் தெரிஞ்சது. சுஜீத் அதைக் காட்டி, 'அந்தா லண்டன், அம்மா லைற்றைப் போட்டு வைச்சிருக்கிறா' எண்டு பகிடி விட்டவன். பிறகு படகு ஒருபக்கம் சரிஞ்சிட்டுது." அந்தப் பகிடியை நினைத்து அவள் அழாத நாள் இல்லை. ஆனாலும் செத்துவிட்டான் என்று சொல்ல ஒருவரையும் விடவில்லை. அந்தியேட்டி, திவசம் என்று வாய் திறந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். உடம்பைக் கண்டவர் ஆர்?

மகள் கஜந்தினிக்குக் கலியாணம் பேசி வந்தபோது அந்தப் பிடிவாதம் எடுபடவில்லை. அண்ணன்காரனின் கிரியை முடியாமல் கூறை உடுக்கக் கூடாது என்றார்கள் சம்பந்தி வீட்டார். "ஒருத்தனைப் பிடிச்சுக்கொண்டு மற்றதையும் விடப்போறீரோ?" என்று கேட்டார் கணவர் சிவானந்தன். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளைத் தோற்கடித்தது.

செப்டம்பரில், கிரியையை முடிக்க, மூவரும் சிசிலிக்குப் பறந்து, ஒரு தனிப் படகை வாடகைக்குப் பிடித்தார்கள். புதுமணத் தம்பதிகளைத் தீவு சுற்றிக் காட்டுகிற படகு அது. வெள்ளை மெத்தைகள், ஐஸ் வாளிக்குள் வைன், ஒரு தட்டு நிறைய திராட்சைப்பழம். படகுக்காரக் கிழவர் சிரித்த முகத்தோடு கை கொடுத்து ஏற்றினார். எள்ளும் தர்ப்பையும் வெளியே வந்ததும் கஜந்தினி அவருக்கு இங்கிலிஷிலும் கையாலும் விளக்கினாள். அவர் தொப்பியைக் கழற்றினார். வைன் வாளியை ஒரு துவாயால் மூடினார். றமணன் சொன்ன தீவை நெருங்கியதும், கேட்காமலே, ஓரிடத்தில் இன்ஜினை நிறுத்தினார். அங்கே தாங்கள் வலை போடுவதில்லை என்று சொன்னதாக கஜந்தினி சொன்னாள். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஐயர் மந்திரங்களை ஒரு கசெற்றில் பதிந்து கொடுத்திருந்தார். கடலின் நடுவே அவருடைய குரல் கரகரத்தது. சிவானந்தன் பிண்டத்தை வாழையிலையோடு தண்ணீரில் விட்டார். "விட்ட பிறகு திரும்பிப் பாக்கக் கூடாது, ஒரு சொல்லும் சொல்லக் கூடாது," என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படகு திரும்பியது. நகுலேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெரிய நீலத்தில் ஒரு சின்ன இலை. பெற்ற வயிறு சும்மா இருக்குமோ? பிள்ளையை வழியனுப்பும்போது எந்தத் தாயும் சொல்வதைத்தான் அவள் வாய் தானாகச் சொன்னது.

"போட்டு வா, ராசா."

இலை கொஞ்சத் தூரம் படகின் பின்னாலேயே வந்தது. அலை தள்ளியிருக்கும் என்று அன்றைக்கு நினைத்தாள்.

கந்தசஷ்டியன்று கோயிலில் றமணன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். லண்டனின் மறுபக்கம், எட்மண்டனில் இவர்கள் முந்தி இருந்த வீட்டில், இப்போதிருக்கிற சனம், பின்னேரங்களில் ஆரோ கதவைத் தட்டுவதாகப் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். அப்போது அவள் அதைக் காதில் போடவில்லை. இப்போது கால்மிதியைப் பிடித்தபடி நின்று யோசித்தாள். அவனிடம் இருந்தது அந்தப் பழைய விலாசம். அங்கே போய்த் தேடியிருக்கிறான். பிறகு எப்படியோ ரயில் பிடித்து, இந்தத் தெருவரை வந்து, நம்பர் தெரியாமல் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறான். நல்ல பிள்ளை. மரியாதையாகத் தட்டுகிறான்.

அன்றிரவு அவள் வாசல் லைற்றை அணைக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கதவைத் திறந்தபடியே விழுந்து கிடந்தாளாம். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவள் நகுலேஸ்வரியைக் கண்டதும் கையை எட்டிப் பிடித்தாள். அந்தக் கை பனியாகக் குளிர்ந்தது. விரல்கள் நாள் கணக்காகத் தண்ணீரில் ஊறியவை போல வெளிறிச் சுருங்கியிருந்தன.

"பாவம், அவர்கள்," என்றாள் கிழவி ஆங்கிலத்தில். "யாராவது உள்ளே விடுங்களேன். எவ்வளவு நேரமாய் நிற்கிறார்கள்."

"அவர்களா? ஒரு பெடியன்தானே?"

கிழவி அவளைப் பார்த்த பார்வையில்தான் பயம் வந்தது.

வீட்டுக்குள் ஓடிக் கதவைப் பூட்டிவிட்டு ஐயருக்குப் போன் எடுத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"அம்மா, நீங்கள் அவனை மட்டும் கூப்பிடேல்லை. அந்தத் தண்ணிக்குள்ளை கேட்டுக்கொண்டிருந்த எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறீங்கள். கதவைத் திறக்காதேங்கோ. வந்தால் 'போ' எண்டு சொல்லுங்கோ. அந்த ஒரு சொல்தான்."

"என்னாலை ஏலாது ஐயா."

"ஒரு பிள்ளை உயிரோடை இருக்குது அம்மா. அதை நினையுங்கோ."

அந்தப் பிள்ளை கூறைச்சேலை எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். காலையில் போகும்போது வழக்கம்போல "பாய் அம்மா" என்றாள். "போட்டு வாறன் எண்டு சொன்னால் வாய் நோகுமே?" என்று இவளும் வழக்கம்போலப் பேசினாள். லண்டனில் வளர்ந்த பிள்ளை, சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சிவானந்தன் ஷிப்டில் இருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஹீற்றர் போட்டும் வீடு குளிர்ந்தது. குசினியில் உப்புப் போத்தல் கசிந்து மேசையில் தண்ணீராய் நின்றது. மெற்றோபொலிற்றன் ரயில் போகிற சத்தம் வழக்கம்போலக் கேட்டது, ஆனால் அது ஓய்ந்த பிறகும் ஏதோ ஒன்று ஓயவில்லை. தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஈரத் துணி தரையில் படுகிற சத்தம், ஒன்றல்ல, பல, ஒன்றன்பின் ஒன்றாய், அவசரமில்லாமல், வீட்டுக்கு வீடு நின்று நின்று வந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. கஜந்தினி.

"அம்மா, ஸ்டேஷன்ல இறங்கிட்டன். கூறை சூப்பராய் இருக்கு. அஞ்சு நிமிசத்தில வந்திடுவன்."

"வராதை பிள்ளை! அங்கேயே நில்—"

தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தாள். மணி அடிக்கவில்லை. தண்ணீருக்குள் காது வைத்தது போல ஒரு இரைச்சல்.

கதவு தட்டப்பட்டது.

மெதுவாக. மரியாதையாக.

கதவின் மங்கல் கண்ணாடிக்கு அப்பால் வாசல் லைற் எரிந்தது. அவள் போட்டு வைத்த லைற். அந்த வெளிச்சத்தில் ஒரு நிழல். ஒடுங்கின தோள். ஒருபக்கம் சரிந்த தலை. கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி உயர்ந்தது. உள்ளே குளிர் வந்தது. டீசல். பாசி.

"அம்மா. இந்த வீடோ?"

ஐயோ. அதே குரல். கீச்சுக் குரலுமில்லை, ஆம்பிளைக் குரலுமில்லை, போனில் கடைசியாகக் கேட்ட அந்தக் குரல்.

அவள் கதவில் நெற்றியை வைத்தாள். மறுபக்கம் அவனும் வைத்தான். கண்ணாடி நனைந்தது. திறந்தால் என்ன? ஒருக்கால், ஒரேயொருக்கால், தலையைத் துவட்டி விட்டால் என்ன? கை பூட்டுக்குப் போனது.

அவன் பின்னால் இன்னொரு நிழல். அதன் பின்னால் இன்னொன்று. வாசல் கேற்றுவரை. கேற்றுக்கு அப்பாலும். எல்லாம் சரிந்த தலைகள். எல்லாம் காத்து நின்றன.

அந்த வழியால்தான் கஜந்தினி வரவேண்டும்.

"அம்மா. குளிருது."

கை பூட்டை விட்டது. அந்தக் கையால் வாயைப் பொத்தினாள். எடுத்தாள்.

"போ," என்றாள்.

சத்தம் வரவில்லை. பெற்ற நாளிலிருந்து சொல்லாத சொல். ஒரு தாயும் சொல்லாத சொல். மூச்சை இழுத்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"போ! போ ராசா! போ!"

அவன் நெற்றி கண்ணாடியை விட்டு விலகியது. அவன் அழவில்லை. கோபிக்கவில்லை. அவள் பழக்கியபடியே, நல்ல பிள்ளையாய்ச் சொன்னான்.

"போட்டு வாறன், அம்மா."

நிழல் திரும்பியது. அடுத்த நிழலும் திரும்பியது. ஒவ்வொன்றும், ஆம்பிளைக் குரலில், பெடியன் குரலில், இருமிக்கொண்டு, தண்ணீர் வழிய வழிய:

"போட்டு வாறன், அம்மா."

"போட்டு வாறன், அம்மா."

வரிசை கேற்றைத் தாண்டியது. அவள் கதவோடு சரிந்து உட்கார்ந்து விம்மினாள். முடிந்துவிட்டது. மகள் தப்பிவிட்டாள்.

அப்போது, எல்லாருக்கும் கடைசியாக, வாசற்படியிலிருந்தே, பழக்கமில்லாத வாயால் தட்டுத்தடுமாறி, ஒரு பெண்குரல் சொன்னது.

"போட்டு... வாறன், அம்மா."

அவள் கதவைப் பிய்ப்பது போலத் திறந்தாள்.

தெருவில் ஒருவரும் இல்லை. கால்மிதியில் சேலைக்கடைப் பை இருந்தது. கூறை பாதி வெளியே கிடந்தது, கடலில் தோய்த்து எடுத்தது போல. அதன் சிவப்புச் சாயம் உப்புத் தண்ணீரோடு படிகளால் இறங்கி, நடைபாதை வழியே, ஸ்டேஷன் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.