பூவாடைக்காரி மூலையில் ஒரு பாத்ரூம்

வீடு விற்றுக் கொடுப்பது என் பிழைப்பு. செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் புரோக்கர் பாண்டுரங்கன் என்று கேட்டால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்த பிறகு, மாடியிலிருந்து ராஜகிரி மலை தெரிகிற வீட்டுக்கெல்லாம் ஏகப்பட்ட கிராக்கி. அப்படி ஒரு வீட்டைப் பார்க்கத்தான் பார்த்திபன் என்னைக் கூப்பிட்டான். கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு முற்பகல் போனேன்.

அந்த வீட்டைக் கட்டியது அவனுடைய முதல் மனைவி கலைமதியின் அப்பா. இவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன். விற்றுவிட்டுச் சென்னைக்குப் போகலாம் என்று அவன் நச்சரிக்கும்போதெல்லாம், என் பொணம் போன பிறகு வித்துக்கோ என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். ஒருநாள் வலிப்பு வந்து பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தாள் என்றார்கள். அவளுக்கு வலிப்பு உண்டு என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும். வருஷம் திரும்பியதும் ரஞ்சனியைக் கட்டிக்கொண்டான்.

உள்ளறை மூலையில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. அதற்குள் மஞ்சள் தோய்த்த சிவப்புப் புடவை, மேலே அன்றைய மல்லிகைச் சரம். எங்கள் பக்கத்தில் தாலியோடு செத்தவளைப் பூவாடைக்காரி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவோம். ஆற்றங்கரையில் பம்பை மேளம் அடித்துக் கூப்பிட்டால், தண்ணீரிலிருந்து ஏறி கரகத்தில் வந்து உட்காருவாள். அப்படித்தான் கலைமதியையும் அழைத்து வந்திருந்தார்கள். தினமும் பூ மாற்றுவது ரஞ்சனி. மூத்தவள் மேல் அவளுக்கு அப்படி ஒரு பயம், அப்படி ஒரு பாசம்.

நான் என் தொழிலைப் பார்த்தேன். தொட்டியை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்த இடம், சமையலறைக்குக் கிரானைட் மேடை, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளறைக்கு அட்டாச்டு பாத்ரூம். அது இல்லாத வீட்டைச் சென்னைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கட்டுவதற்கு இருந்த ஒரே இடம் அந்த மூலைதான். பம்பைக்காரரைக் கூப்பிட்டு உத்தரவு கேட்டு, அவளை வேறு இடத்தில் வைத்துவிட்டுக் கட்டு என்றும் சேர்த்தே சொன்னேன்.

பார்த்திபன் விரலில் இருந்த பவழ மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"பம்பை வாணாண்ணே. அடிச்சா யார் மேலயாவது வந்து பேசும்."

பேசினால் உனக்கென்ன என்று கேட்க வாய் வரை வந்தது.

பொங்கலுக்கு முன்னால் ரஞ்சனியை மார்க்கெட்டில் பார்த்தேன். முகம் வெளிறிக் கிடந்தது. அவன் கூடையைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ச் சங்கராபரணி ஆற்றில் போட்டுவிட்டானாம்.

"அக்காவ தண்ணில இருந்துதானண்ணே அழைச்சாந்தோம். இப்ப தண்ணிலயே போட்டா, திரும்பி வர வழி தெரியாதா அவங்களுக்கு?"

டென்ஷன் ஆகாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வழி முழுக்க அதையே யோசித்தேன். ஆற்றிலிருந்து வருகிறவளை ஆற்றில் விட்டுவிட்டு, அவள் மூலைக்கே குழாய் போட்டுத் தண்ணீரும் கொடுக்கிறான். இதைவிட நன்றாக ஒருத்தியை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க முடியுமா?

டைல்ஸ் ஒட்டும்போதே தொல்லைதான். குழாய் இணைப்பு வருவதற்கு முன்பே தினமும் காலையில் அந்தத் தரை ஈரமாக இருந்ததாம். துடைத்தால் துணியில் மஞ்சள் ஒட்டியதாம். மட்டமான சிமெண்டு என்று பார்த்திபன் மேஸ்திரியைத் திட்டினான்.

மாசி மாதம் ஆனந்தராஜ் சாரைக் கூட்டிப் போனேன். சென்னையில் ரிட்டயர் ஆன மனிதர். நல்ல வெளிச்சமான காலை. மாடியில் நின்று மலையைப் பார்த்தார், கிரானைட்டைத் தடவிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பார்த்திபனுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்ரூம பாருங்க சார். ஷவர் இன்னும் தொறக்கவே இல்ல. உங்க கண்ணு முன்னால தொறக்கறேன்."

உள்ளே போய்த் திருகினான்.

தண்ணீர் வரவில்லை. குழாய்க்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம். பிறகு மஞ்சள் வாசனை வந்தது.

முதலில் வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. டேங்க் துரு சார், என்று அவன் சிரித்தான்.

அதோடு மல்லிகை விழுந்தது.

ஒன்று. இரண்டு. பிறகு கொத்தாக.

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தத்தை நான் கேட்டேன். கதவு சாத்தும் நொடியில் பார்த்தேன், அவன் கை ஷவர் திருகில்தான் இருந்தது.

கதவில் தோளைக் கொடுத்து இடித்தேன். அசையவில்லை. உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம், நடுவில் யாரோ மூச்சுக்குத் திணறுகிற சத்தம். ரஞ்சனியைக் கூப்பிடத் திரும்பினேன். கூடத்தின் நடுவில் தலைவிரி கோலமாக நின்றிருந்தாள். பம்பை இல்லாமலே ஆடினாள். குளியலறைப் பக்கமே வராதவளின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேசிய குரல் அவளுடையது இல்லை. தெருவுக்கே கேட்கிற அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"வுட்ரு வுட்ருனு கெஞ்சனேனே, வுட்டியா? தொட்டில என்னை அமுக்கி, மூச்சு நிக்கற வரைக்கும் உன் மோதிரம் என் பிடரில அழுந்திக்கினே இருந்துச்சே."

உள்ளே சத்தம் நின்றது.

அவள் மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"என் மூலைல பாத்ரூம் கட்டச் சொன்னது யாரு?"

ஆனந்தராஜ் சார் என்னைப் பார்த்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். ரஞ்சனி சுருண்டு விழுந்தாள்.

பிறகு தொட்டவுடனே கதவு திறந்துகொண்டது.

தரையில் பொட்டு ஈரமில்லை. ஒரு பூ இல்லை. பார்த்திபன் காய்ந்த டைல்ஸ் மேல் குப்புறக் கிடந்தான். நெஞ்சு நிறையத் தண்ணீர் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிடரியில் ஒரு மோதிரத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அவனுடைய மோதிரம் அவன் விரலிலேயே இருந்தது.

துண்டு போடும் கம்பியில், அவன் ஆற்றில் விட்ட சிவப்புப் புடவை மடிப்புக் கலையாமல் தொங்கியது.

எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. பயம் மட்டும்தான் வந்தது, அதுவும் என்னைப் பற்றி.

ரஞ்சனி பாத்ரூமை இடித்துவிட்டு மூலையைப் பழையபடி ஆக்கினாள். முறைப்படி பம்பை வைத்து அழைத்துக் கூடையில் உட்கார வைத்தாள். நேற்று போன் செய்தாள்.

"வீடு விக்கறதுக்கில்லண்ணே. அக்கா இங்கயே இருக்கட்டும். ஆனா பம்பை அடிச்சப்ப, பாத்ரூம் கட்டச் சொன்னது யாருனு திரும்பவும் கேட்டாங்களாம்."

"நீ இன்னா சொன்ன?"

"எனக்கு ஒன்னும் நெனப்பில்ல. கூட இருந்தவங்கதான் சொன்னாங்க. என் வாயாலயே உங்க பேரு வந்துச்சாம்ணே."

இன்று காலை பல் விளக்கக் குழாயைத் திறந்தேன். எங்கள் வீட்டிலும் அட்டாச்டு பாத்ரூம்தான். தண்ணீர் வரவில்லை. குழாய் ஒருமுறை தொண்டையைச் செருமியது. அவசரமாக மூடினேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"இன்னாங்க, மல்லிப்பூ வாசன தூக்குது. யாரு வந்துக்கிறாங்க?"