ஒட்டி எழுதிய வரி

"இறங்குடா கேசவா, வழி இருக்கு." யமுனா கயிற்றை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பள்ளத்தில் கால் வைத்தாள்.

மராட்டிய தேசத்துத் தேவகிரிக்கு அப்பால், முட்புதர் மண்டிய மலைப்பிளவின் அடியில் இருந்தது அந்தக் கோயில். அப்பா வாசுதேவ ராவ் புதையல் தேடித் தஞ்சாவூரிலிருந்து இங்கேதான் வந்தார். வந்தவர் திரும்பவேயில்லை. தங்கத்தைச் சுருட்டிக்கொண்டு எவளோடோ ஓடிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் வாய் கூசாமல் பேசினார்கள். அம்மா வாசல்பக்கமே வருவதில்லை. அவர் ஓடவில்லை என்பதற்கு ஒரு தடயமாவது வேண்டும் யமுனாவுக்கு. தம்பிக்குப் புதையலும் வேண்டும்.

கோயிலுக்கு இரண்டு கருவறைகள். இடப்பக்கத்து அறை இடிந்து கற்குவியலாகக் கிடந்தது. வலப்பக்கத்து அறைக்குள் தவழ்ந்து நுழைந்தார்கள்.

"சுண்ணாம்பே இல்லக்கா. கல்லுக்குக் கல்லு கோத்தே கட்டியிருக்கான்."

"தேவகிரி ராஜாவோட மந்திரி ஹேமாத்ரி பாணிடா. மராத்தியைக் கை எடுக்காம எழுதுற மோடி எழுத்தையும் அவர் தலையிலதான் கட்டுவாங்க."

பீடத்துக்கு மேலே மோடியில் ஒரே வரி. யமுனாவுக்குத் தெரிந்த வரி. வீட்டில் மராத்தி பேசினாலும் அப்பாவுக்கு மோடி படிக்க வராது; யமுனாதான் கற்றிருந்தாள். இதே வரியை இடப்பக்கத்து அறையில் படம் பிடித்து அவளுக்குத்தான் அனுப்பியிருந்தார். 'ஆசனகாடா.' ஆசனத்தை எடுங்கள். கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் படித்துச் சொல்லிவிட்டு, "எனக்கும் ஒரு வளையல்ப்பா" என்று கேட்டிருந்தாள்.

கேசவன் கடப்பாரையைப் பீடத்தின் அடியில் கொடுத்து நெம்பினான். உத்தரம் முனகியது. தலையில் மண் கொட்டியது.

"நிறுத்துடா!"

"இன்னொரு நெம்புதான்க்கா."

மோடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அவள் வாய்விட்டுப் பிரித்துப் படித்தாள். ஆசன காடா. ஆஸ், ந காடா. மராத்தியில் ஆஸ் என்றால் அச்சு, ந என்றால் வேண்டாம். அச்சை எடுக்காதீர்கள். பீடம்தான் சுவர்களைத் தாங்கும் அச்சு. தமிழில் பழகிய அவளுடைய தஞ்சாவூர்க் காதில் ஆசனம் என்று விழுந்துவிட்டது.

தம்பியைச் சட்டையோடு பிடித்து வெளியே இழுத்தாள். பிறகு இருவரும் இடிந்த அறையின் கற்களைப் பைத்தியம்போல் புரட்டினார்கள். நசுங்கிய கூஜா ஒன்று கிடைத்தது. அதில் 'வாசுதேவ ராவ், தஞ்சை' என்று வெட்டியிருந்தது. அதற்குக் கீழே அவர் இருந்தார்.

தஞ்சாவூர் ரயிலடியில் அதே சொந்தக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். "அப்பன் பேரைக் காப்பாத்திட்டே, சிங்கம்மா நீ" என்றார் சித்தப்பா.

வீட்டில் அம்மா கூஜாவை மடியில் வைத்துக்கொண்டாள். "அவருக்குத்தான் அந்த எழுத்து வராதே. யாரு படிச்சுச் சொன்னா?"

கேசவன் அக்காவைப் பார்க்கவில்லை. யமுனா கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினாள்.

"நான்தாம்மா. தப்பாப் படிச்சேன்."