வாயை மூட வைக்கும் எட்டு வரி

வேலை முடிந்ததும் வாஷிங் மெஷின் ஐந்து முறை கூவும். அன்று சாயங்காலம் ஒரு முறைதான் கூவியது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அந்தப் புரோகிராமர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. சோப்பு வாசனையும் ஈர வாசனையும் கலந்த அந்தச் சின்ன அறையில், துணிகளை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஏதோ குறைவதுபோல் இருந்தது. அங்கிருந்த குழாய்க்கு மூன்று மாதமாக ஒழுகும் வியாதி. ஆள் வரச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதை மூடித் திறந்து மறுபடி இறுக்கினாள். நுனியில் நீர் திரண்டு, கொஞ்சம் தயங்கி, கீழே இருந்த வாளியில் விழுந்தது. டொக். அடுத்த சொட்டும் அதேபோல் திரண்டது, தயங்கியது, விழுந்தது. வாளித் தண்ணீரில் வட்டம் விரிந்தது. சத்தம் வரவில்லை.

சுண்டு விரலால் காதைக் குடைந்துகொண்டாள். தூங்கவில்லை, அதுதான். நேற்றுக் காலை வந்த அந்த அழைப்புக்குப் பிறகு அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை.

"மேடம், நான் ஒரு ஆஸ்பத்திரியில மெஷின்களைப் பாத்துக்கிற டெக்னீஷியன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு குறிப்பு போட்டிருந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்று ஒரே எச்சரிக்கையை நாளைக்கு நானூறு தடவை அனுப்பி எல்லாருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது. அதற்காக அவள் எழுதியது எட்டே வரிப் புரோகிராம். ஓர் எச்சரிக்கை ஒரு முறை ஒலிக்கட்டும். அதுவே மறுபடி வந்தால் அடக்கிவிடு. அவ்வளவுதான். புரோகிராமர்கள் இந்த மாதிரித் துண்டு துக்கடாக்களை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பொதுத்தளத்தில், 'நச்சரிக்கும் எச்சரிக்கையின் வாயை மூட வைப்பது எப்படி?' என்று தலைப்பு வைத்துப் போட்டாள். தலைப்புக்கே ஏகப்பட்ட பாராட்டு. எவ்வளவு நேரத்துக்கு அடக்க வேண்டும் என்ற வரம்பை மட்டும் எழுத விட்டுப்போயிற்று. அலுவலகத்தில் அதனால் ஒன்றும் குடி முழுகவில்லை. அவளும் திருத்தவில்லை.

அதன் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'நோயாளி படுக்கைப் பக்கத்து மெஷினுக்கு இதைப் போடலாமா?' பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மற்றக் கையின் கட்டைவிரலால் பதில் அடித்தாள்: 'தாராளமா!' கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

"போன வாரம் ஏழாம் நம்பர் பெட்ல ஒருத்தர், மேடம். மூச்சு தடுமாறினதும் மெஷின் ஒரு தடவை அடிச்சிருக்கு. நர்ஸம்மா பக்கத்து பெட்ல கை வேலையா இருந்திருக்காங்க. எப்படியும் இன்னொரு தடவை அடிக்கும், போவோம்னு நெனச்சிருக்காங்க." டெக்னீஷியன் எச்சில் விழுங்குவது கேட்டது. "அடிக்கலை. போய்ப் பாத்தப்ப உயிர் இல்ல."

அவள் ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"உங்களைக் குத்தம் சொல்லல மேடம். போட்டது நான்தான். ஆனா உங்களக் கேட்டுட்டுத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானா எதையோ கிறுக்கி ஒட்டிட்டேன்னு சொல்றாங்க."

"நீங்க வேற யாரையோ நெனச்சுப் பேசுறீங்க. நான் அப்படி எதுவும் எழுதல."

ஃபோனை வைத்த கையோடு, தன் குறிப்பு இருந்த அந்தப் பக்கத்தை நீக்கினாள். நீக்கியது முப்பது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் பழையபடி வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தாள்.

"யாரு ஃபோன்ல?" என்று கணவர் கேட்டார்.

"ராங் நம்பருங்க."

"ராங் நம்பருக்கா மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?" சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

இன்று அவர் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை; இப்போது வீட்டில் அவளும் ஆறு வயது மகளும்தான். குட்டி கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, கை முழுக்க நீலச் சாயத்தோடு கடல் வரைந்துகொண்டிருந்தாள். இவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மழைக்கு முந்தின மங்கிய வெளிச்சம். சூடு ஆறாத சிமெண்ட் வாசனை. எதிர் வீட்டு மாடியில் காயும் போர்வையின் நிழல், ஆள் ஒருவர் சாய்ந்து நிற்பதுபோல் சுவரில் அசைந்துகொண்டிருந்தது. கீழே அந்த வீட்டு நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது.

ஒரு தடவை.

பிறகும் அது குரைத்துக்கொண்டுதான் இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்துச் சங்கிலி விறைத்தது. முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. ஒரு சத்தமும் இல்லை.

ஈரச் சட்டை அவள் கையிலிருந்து நழுவியது. உள்ளே ஓடிவந்தாள். மேசையில் கைபேசித் திரை எரிந்துகொண்டிருந்தது. அழைப்பது அதே எண். மணி அடிக்கவில்லை. கையில் எடுத்த கணத்தில் அழைப்பு நின்று, எடுக்காத அழைப்புகள் பத்தொன்பது என்று திரை காட்டியது. அதில் முதலாவது மட்டும் அவளுக்குக் கேட்டிருந்தது. மத்தியானம், வேண்டுமென்றே எடுக்காமல் விட்டிருந்தாள்.

கீழே ஒரு செய்தி: 'மேடம், நாளைக்கு விசாரணை. பேச வேண்டாம். அந்தப் பக்கத்தையாவது திரும்பப் போடுங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.'

கம்ப்யூட்டரில் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். எட்டு வரிகளும் அப்படியே இருந்தன. கேள்வியும் இருந்தது. 'தாராளமா'வும் இருந்தது, சிரிக்கும் முகத்தோடு. மீட்டெடுக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். வைத்த விரல் அங்கேயே நின்றது. பக்கம் திரும்பி வந்தால் மேலே அவள் பெயரும் வரும். அலுவலகத்தில் பார்ப்பார்கள். கணவர் பார்ப்பார். நாளைக்குப் பெரியவளாகித் தேடினால் குட்டியும் பார்ப்பாள். எட்டு வரிக்காக ஒருத்தி தலையில் இவ்வளவும் விடியலாமா? அந்த டெக்னீஷியன்தானே போட்டார், சோதித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

விரலை எடுத்துவிட்டாள்.

"அம்மா!"

குளியலறைப் பக்கமிருந்து குட்டி கூப்பிட்டாள். சாயக் கையைக் கழுவப் போயிருப்பாள்.

"வரேன்டி," என்று சொல்லிக்கொண்டே திரையை மூடினாள். குட்டி ஒருபோதும் ஒரு தடவையோடு விடுகிறவள் அல்ல. அம்மா, அம்மா, அம்மா என்று பத்துத் தடவையாவது ஏலம் போடுவாள்; ஆறாவது ஏழாவதில்தான் இவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள். அந்தப் பழக்கத்தில், அடுத்த கூப்பாட்டுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அது விழுந்த சத்தம் கேட்டது. ஓடினாள். முதல் காலடி கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை. தன் ஓட்டமே தனக்குக் கேட்காமல், பஞ்சின்மேல் ஓடுகிறவளைப்போல, அந்தப் பத்தடி நடையை அவள் ஓடிக் கடந்தாள்.

குளியலறைக் கதவு. உள்ளே தாழ்.

கதவின் மேல்பாதி மங்கல் கண்ணாடி. அதன் கீழ் ஓரத்தில் நீலமாக ஒரு சின்ன உள்ளங்கை. அது அடித்தது. மறுபடி அடித்தது. அடித்த இடமெல்லாம் நீலம் அப்பியது. கண்ணாடி அதிர்வது, அதில் வைத்த அவள் விரல் நுனியில் தெரிந்தது. காதில் ஒன்றுமில்லை.

"குட்டீ!"

கேட்டது. மறுபடி கத்தினாள். தொண்டை கிழிந்தது. குரல் இல்லை. கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. தோளால் மோதினாள். முதல் மோதல் இடி மாதிரிக் கேட்டது. பிறகு மோத மோத, வலி மட்டும்.

கண்ணாடிக்குப் பின்னால், குட்டியின் தலைக்கு மேலே, ஏதோ இருட்டியது.

"நான்தான் எழுதினேன்!" என்று கத்தினாள். அது கேட்டது. வீடு முழுக்கத் தெளிவாகக் கேட்டது. கேட்க வேண்டியவர் யாரும் அங்கே இல்லை. மறுபடி சொன்னாள். மறுபடியும். உதடுதான் ஆடியது.

கண்ணாடியில், நீலத் தடங்களுக்கு மேலே, இன்னோர் உள்ளங்கை வந்து பதிந்தது. பெரியது. வெளுத்தது. மணிக்கட்டில் ஏழு என்று நம்பர் எழுதிய ஆஸ்பத்திரிக் காகிதப் பட்டை. அதனடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஆடியது.

அந்தக் கை தட்டவில்லை. அவசரமும் படவில்லை. கண்ணாடியிலேயே மெல்ல வழுக்கிக் கீழே இறங்கி, அடித்துக்கொண்டே இருந்த அந்தச் சின்னக் கையின்மேல் வந்து, அதை மூடியது.