நாற்பத்தொன்றாம் பக்கத்து ஓரம்

மேல் தட்டில் இருந்த பைண்டு புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்து ஓரத்தில், பென்சிலால், குண்டு குண்டான எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘புஸ்தகம் குடுக்கிறவளுக்குப் புள்ளை இல்லை. கதையைத் தைச்சுப் பொழுதைப் போக்குறா.’

அரவிந்தவல்லி அதை இரண்டு தரம் படித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் நடத்துகிறவள் ஓரக் குறிப்புகளுக்குப் பயந்தால் பிழைக்க முடியாது. பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, அட்டை வைத்துத் தைப்பது அவள் வேலை. அவற்றைச் சைக்கிள் பெட்டியில் ஏற்றி ராஜபாளையத்து மில் வீடுகளில் கொடுத்து, பழையதை வாங்கி வருவது வேலுசாமியின் வேலை. திரும்பி வரும் புத்தகங்களின் ஓரத்தில் ஊரே பேசும். கொலைகாரன் டாக்டர்தான் என்று மூன்றாம் பக்கத்திலேயே ஒருவர். நீ நாசமாய்ப் போக என்று அதற்கடியில் இன்னொருவர். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லையா என்று, வேலை மெனக்கெட்டு, மூன்றாமவர்.

ஆனால் இது அவளைப் பற்றி.

“வேலுசாமி, இது எந்த ஆத்துக்குப் போயிட்டு வந்தது?”

வேலுசாமி கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தார். ஒரு தேதியும் இல்லை. “இதை நா இன்னும் பெட்டியில ஏத்தவேயில்லையே மாமி. போன வாரந்தான தைச்சிய.”

“பின்னே எழுதினது யாரு?”

“யாராயிருந்தா என்ன. எட்டு வருசமா இந்தப் பொட்டியத் தூக்கிட்டு அலையுதேன், எனக்கு ஒரு முறை இருக்கு. பகடின்னா சிரிச்சிட்டு விட்டுரணும். அசிங்கம்னா ரப்பரால அழிச்சிரணும். மெரட்டல்னா ஸ்டேஷன்ல கொண்டு காட்டணும். பதில் மட்டும் எழுதிராதிய. ஒரு ஃபிட்டரு அப்படித்தான் எழுதுனாரு. அவரு எழுத, எதிராளி எழுத, அட்டை வரைக்கும் ரொம்பி, கடைசியில ரெண்டு பேரும் சம்பந்தியாயிட்டாவ. இன்னைக்கு வரைக்கும் சண்டை ஓயல.”

அவள் அழித்தாள். பாஷ்யத்திடம் சொல்லவில்லை. ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போய்வரும் அவள் கணவன், நூலகம் தொடங்கிய அன்றே ஒரு நிபந்தனை போட்டிருந்தான்: உன்னைப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு வந்தா, மறுநாள் போர்டு இருக்காது. அந்தப் போர்டு போனால் அவளுக்கு இருப்பது சமையலறை ஜன்னல் ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம், ஆடிக் காற்று கூரை ஓடுகளைத் தூக்கித் தூக்கிப் போட, எதிர்வீட்டில் பால் சுண்டுகிற புகை வாசலைத் தாண்டி உள்ளே வந்து பசை வாடையோடு கலந்து நிற்க, அவள் அதே புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். அழித்த இடத்தில் அதே வரி, முன்னைவிடக் கறுப்பாக. அதற்கடியில் புதிதாக ஒன்று: ‘அழிக்காதே. கை வலிக்கும்.’

உண்மையில் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் வசதி. பாஷ்யத்தின் நீலப் பேனாவை எடுத்து, பென்சில் வரிக்குக் கீழே அழுத்தி எழுதினாள்: ‘தைரியம் இருந்தால் நேரில் வந்து சொல்.’

மறுநாள் பதில் இருந்தது. ‘சரி. வாரேன்.’

அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எதுவும் வரவில்லை. அடுத்த நாள் இரண்டாம் தட்டில், துப்பறியும் கதை ஒன்றின் ஓரத்தில் இருந்தது: ‘ரயில்வே ஸ்டேஷன் தாண்டியாச்சு.’ அதற்கு மறுநாள் மூன்றாம் தட்டில், ஒரு குடும்பக் கதையில்: ‘தேரடியில நிக்கேன். வெயில் கூடுதல்.’

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேஜை மேலே கிடந்த சமையல் குறிப்பில்: ‘உன் தெரு பம்புல தண்ணி குடிச்சேன்.’

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். தெருவில் யாருமில்லை. அடிபம்பின் கைப்பிடி மட்டும் மேலும் கீழும் ஆடி, மெதுவாக, மெதுவாக நின்றது. குழாய் வாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் தாழிட்டாள்.

இது மிரட்டல். ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தனியாகப் போக முடியாது, பாஷ்யத்திடம் சொல்லித்தான் ஆக வேண்டும்; போர்டு போனால் போகட்டும். ஆறரை பஸ்ஸில் வந்துவிடுவான். மேல் தட்டுப் புத்தகத்தை எடுத்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தை மேஜையில் பிரித்து வைத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பென்சில் எழுத்தை எவன் எழுதினானோ. அதற்குக் கீழே, ஒரு ஆணை வீட்டுக்கு வரச் சொல்லி, நீல மையில், கணவனின் பேனாவில் எழுதியிருப்பது அவள்.

ரப்பரை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள். மை கலங்கியது, போகவில்லை. மறுபடி எச்சில். மறுபடி தேய்ப்பு. தாள் ஊறி, பஞ்சு பஞ்சாகத் திரண்டு, ‘நேரில்’ என்ற சொல் இருந்த இடத்தில் கிழிந்தது.

விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

அதன் வழியே நாற்பத்துமூன்றாம் பக்கத்து எழுத்து தெரிந்திருக்க வேண்டும்.

தெரியவில்லை. இருட்டு.

அதிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பென்சில் சீவிய வாடை. காற்று நின்றது. மறுபடி வந்தது. நின்றது.

அவள் எச்சிலில் ஊறிய ஓட்டையின் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டன. பிரிந்தன. தொட்டன. உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில், கூராக, ஒரு நாக்கு நுனி வந்து, விளிம்பில் ஒட்டியிருந்த நீல மையை நக்கியது.

அவளால் கையை எடுக்க முடியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். பாஷ்யத்தின் செருப்பு. கதவை இரண்டு தட்டு.

“வல்லி, தாழ்ப்பாளைத் திற.”

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள். தொண்டையில் குரல் இருந்த இடம் காலியாக இருந்தது.

“வல்லி.”

“வாரேன்,” என்றது நாற்பத்தொன்றாம் பக்கம், அவள் குரலில். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”