பதினேழாம் ஆள்

நேற்று வரை அந்த முகம் கலங்கித்தான் இருந்தது. படம் எடுத்த நொடியில் தலையை ஆட்டித் தொலைத்திருப்பான் என்று அவளே சலித்துக்கொண்டாள். இன்று காலை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தால், நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆலைத் தொழிலாளர் படத்தில், பதினேழாம் எண் ஆளுக்கு மூக்கு வந்திருந்தது.

ஆவணக் காப்பகத்தில் பெயர் தெரியாத முகங்களுக்குப் பெயர் தேடுவதுதான் அவள் வேலை. படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, தலைக்கு ஓர் எண் போட்டு, ஊகத்தைப் பென்சிலில் எழுத வேண்டும். இரண்டு சாட்சி கிடைத்த பிறகுதான் பேனா. ஒற்றை ஆளுக்காக மூன்று மாதமா என்று மேலதிகாரி நேற்று கடிந்துகொண்டதில் எரிச்சல் தலைக்கேறி, கிளம்புகிற அவசரத்தில், மனதில் வந்த பெயரைப் பேனாவாலேயே எழுதிவிட்டாள். தம்பியின் பெயர். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற மெத்தனம்.

மின்விசிறி தலைக்கு மேல் முனகிக்கொண்டிருக்க, பழைய அட்டையின் புளித்த வாடை மூக்கில் ஏற, அவள் பூதக்கண்ணாடியை அந்த முகத்தின் மேல் மெல்ல நகர்த்தினாள். இடப் புருவத்தில் தழும்பு. சின்ன வயதுச் சண்டையில் அவள் தள்ளிவிட்டு, கட்டில் கால் கிழித்த அதே தழும்பு.

வீட்டுக்குப் போன் போட்டு, தம்பி எங்கே என்று அம்மாவிடம் கேட்டாள்.

"இங்கதான் உக்காந்திருக்கான். காலையிலேருந்து ஒரு வார்த்தை பேசல. கூப்பிட்டா திரும்புறான், ஆனா..."

"ஆனா என்னம்மா?"

"என் கண்ணுல கோளாறான்னு தெரியலடி. அவன் முகம் நிக்க மாட்டேங்குது."

போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு, பிளேடை எடுத்துத் தாளில் இருந்த பெயரைச் சுரண்டினாள். முதல் எழுத்து போனது. இரண்டாவது. கடைசி எழுத்தோடு தாளும் கிழிந்தது.

"அம்மா, இப்போ பாரு. தம்பி முகம் சரியாச்சா?"

"எந்தத் தம்பி? நீ ஒத்தப் பொண்ணாச்சேடி."

போன் நழுவி விழுந்தது. பேனாவை எடுத்தாள். திரும்ப எழுதிவிடலாம். பெயர்தானே. பேனா தாளைத் தொட்டது. நின்றது.

பெயர் நினைவில் இல்லை.

படத்தைப் பார்த்தாள். முகம் கலங்கவில்லை. தழும்பு, மூக்கு, ஈரமான கண்கள். சற்று முன்பு மூடியிருந்த வாய் இப்போது திறந்திருந்தது, அக்கா என்று கூப்பிடுகிறவனின் வாய் போல.